ஆங்கிலத்தில் ஒரு தகவலை எப்படித் தொடங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் மாலை நேர ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வெளிநாட்டு வேலைக்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதும் செவிலியர்கள், துரைப்பாக்கத்தில் கால் சென்டர் வேலைக்குப் போகும் பிள்ளைகள், பாரிமுனையில் வக்கீல் அலுவலகங்களில் டைப் அடிப்பவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் வருகிறார்கள். 'இன் ஃபேக்ட்', 'த ஃபேக்ட் தட்', 'அக்கார்டிங் டு' போன்ற சொற்களைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ஒரு தகவலை வாக்கியத்துக்குள் கொண்டுவர இவற்றில் எது சரி, எது தேவையில்லை என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதியிருக்கிறேன்.

தகவலுக்கு முன்னால் ஏதாவது ஒரு சொற்றொடர் போட்டே ஆகவேண்டுமா?

வேண்டாம். ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறக்கப்பட்டது என்று சொல்ல வேண்டுமா? 'ராயபுரம் ஸ்டேஷன் வாஸ் ஓப்பன்ட் இன் 1856' என்று எழுதி முற்றுப்புள்ளி வையுங்கள். முன்னால் 'இட் இஸ் எ ஃபேக்ட் தட்' என்றோ 'ஐ வுட் லைக் டு சே தட்' என்றோ சேர்ப்பதால் அந்தத் தகவலின் உறுதி கூடாது. ஆங்கிலத்தில் மொட்டையாகச் சொன்ன வாக்கியம்தான் மிக உறுதியான வாக்கியம். சொல்பவர் தன் பெயரிலேயே, முழுப் பொறுப்போடு சொல்கிறார் என்று அதற்குப் பொருள்.

முன்னால் ஒரு சொற்றொடர் சேர்த்தால் அந்தப் பொறுப்பில் ஏதோ மாறுகிறது. வேறொருவர் சொன்னது, ஊரில் பேசிக்கொள்வது, நீங்கள் நினைத்ததற்கு மாறானது என்று ஏதாவது ஒரு செய்தியை அது கூடுதலாகச் சுமக்க வேண்டும். எதையும் சுமக்காவிட்டால் அதை எடுத்துவிடலாம்.

அப்படி மொட்டையாக எழுதினால் எனக்கு ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறதே, ஏன்?

நம் மொழியின் பழக்கம் அது. தமிழில் வாக்கியத்தின் கடைசியில் ஒரு சின்ன ஒட்டு வந்து, இந்தத் தகவலை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லிவிடும். 'மழை வரும்' என்றால் என் சொல். 'மழை வருமாம்' என்றால் யாரோ சொல்லிக் கேட்டது. 'மழைதான்' என்றால் வேறெதுவும் இல்லை என்று அடித்துச் சொல்வது. 'மழை வரும்னு நினைக்கிறேன்' என்றால் ஊகம். ஏகாரத்துக்கு உள்ள ஆறு பொருள்களில் 'தேற்றம்' என்று ஒன்றை நன்னூல் தனியாகவே சொல்கிறது. உறுதிப்படுத்தும் வேலையை ஒரே எழுத்து செய்துவிடுகிறது.

இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. தொல்காப்பியம் தன் முதல் நூற்பாவிலேயே, எழுத்துகள் அகரம் முதல் னகரம் வரை முப்பது என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே 'என்ப' என்று சேர்க்கிறது. 'என்று சொல்வார்கள்' என்பது அதன் பொருள். 'என்மனார் புலவர்' என்று நூல் முழுக்க வருகிறது. தகவல் முதலில், அதைச் சொன்னவர் கடைசியில். அவ்வளவு பழைய இலக்கண நூலும், தண்ணீர் லாரி இன்னைக்கு வராதாம் என்று எதிர்வீட்டுக்காரம்மா சொல்வதும் இந்த விஷயத்தில் ஒரே முறைதான். எனக்கு இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் ஒரு சந்தோஷம்.

ஆங்கிலத்தில் பெரும்பாலும் இந்த வேலை வாக்கியத்தின் முன்பக்கத்தில் நடக்கிறது. அதனால் நாம் ஆங்கிலம் எழுதும்போது, கடைசியில் வைக்க இடமில்லாத 'தான்', 'ஏ', 'ஆம்' எல்லாவற்றையும் முன்னால் கொண்டுபோய்க் குவிக்கிறோம். 'ஆக்சுவலி', 'பேசிக்கலி', 'த ஃபேக்ட் இஸ்' எல்லாம் இப்படித்தான் வருகின்றன. அறிவுக் குறைவால் வருவதில்லை, தாய்மொழியின் இசையில் வருவது. அதைத் தெரிந்துகொண்டால் திருத்துவது எளிது.

'த ஃபேக்ட் தட்' எங்கே வரும், எங்கே வராது?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். இதற்கான விடை ஏற்கெனவே உங்கள் வாயில் இருக்கிறது.

இரண்டு தமிழ் வாக்கியங்களைப் பாருங்கள். 'கடை மூடியிருக்கிறது என்று அவன் நினைத்தான்.' 'கடை மூடியிருந்ததை அவன் மறந்துவிட்டான்.' முதல் வாக்கியத்தில் கடை திறந்தும் இருந்திருக்கலாம், அவன் நினைப்பு தவறாக இருக்கலாம். இரண்டாவதில் கடை மூடியிருந்தது உறுதி. இப்போது இரண்டையும் எதிர்மறையாக்குங்கள். 'கடை மூடியிருக்கிறது என்று அவன் நினைக்கவில்லை', 'கடை மூடியிருந்ததை அவன் மறக்கவில்லை.' இரண்டாவதில் கடை இப்போதும் மூடித்தான் இருக்கிறது. மறந்தாலும் மறக்காவிட்டாலும் பூட்டு பூட்டுதான்.

ஆங்கில வினைச்சொற்களிலும் இதே பிரிவு உண்டு. பால் கிபார்ஸ்கி, கரோல் கிபார்ஸ்கி என்ற இரண்டு மொழியியலாளர்கள் 1970-ல் வெளியான 'ஃபேக்ட்' என்ற கட்டுரையில் இதை விளக்கினார்கள். 'ரிக்ரெட்', 'ஃபர்கெட்', 'இக்னோர்' போன்ற வினைகள் பின்னால் வரும் தகவலை உண்மை என்று எடுத்துக்கொண்டே தொடங்குகின்றன. 'திங்க்', 'பிலீவ்', 'சப்போஸ்' போன்றவை அப்படி எடுத்துக்கொள்வதில்லை.

தமிழில் நீங்கள் 'மூடியிருந்ததை', 'மூடியிருந்தது என்பதை' என்று இயல்பாகச் சொல்லும் இடத்தில் ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'த ஃபேக்ட் தட்' பொருந்தும். 'என்று' மட்டுமே வரும் இடத்தில் பொருந்தாது. 'ஐ திங்க் த ஃபேக்ட் தட் ஹீ இஸ் ஹானஸ்ட்' என்று ஒரு பையன் எழுதியிருந்தான். 'அவர் நேர்மையானவர் என்பதை நினைக்கிறேன்' என்று தமிழில் சொல்லிப் பார் என்றேன். சொன்னதும் அவனே அடித்துவிட்டு 'ஐ திங்க் தட்' என்று திருத்தினான். எல்லா இடத்துக்கும் இது அளவுகோல் ஆகாது. 'நோ' (தெரியும்) என்ற வினை பின்வருவதை உண்மை என்றே எடுத்துக்கொள்கிறது, ஆனாலும் 'ஐ நோ த ஃபேக்ட் தட்' இடறும், 'ஐ நோ தட்' போதும். பத்தில் எட்டு முறை இந்தச் சோதனை உதவுகிறது என்பது என் அனுபவம்.

இன்னொரு இடம் உண்டு. ஒரு முழுத் தகவலே எழுவாயாக வரும்போதும், 'ஆஃப்', 'அபௌட்', 'டெஸ்பைட்' போன்ற முன்னிடைச் சொற்களுக்குப் பின்னாலும் 'த ஃபேக்ட் தட்' தேவைப்படும். 'அவன் வரவில்லை என்பதே பதில்' மாதிரியான வாக்கியம். 'டெஸ்பைட் தட் ஹீ கேம்' என்று எழுத முடியாது, நடுவில் 'த ஃபேக்ட்' வந்தாக வேண்டும்.

அதைப் பயன்படுத்தவே கூடாது என்று ஒரு புத்தகத்தில் படித்தேனே?

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த வில்லியம் ஸ்ட்ரங்க் 1918-ல் தன் மாணவர்களுக்காக எழுதிய சிறு நூலில் இதற்கு எதிராகக் கடுமையாக எழுதினார். எந்த வாக்கியத்தில் வந்தாலும் அதை நீக்கித் திருத்த வேண்டும் என்றே சொன்னார். 'ஓயிங் டு த ஃபேக்ட் தட்' என்பதற்கு 'சின்ஸ்' அல்லது 'பிகாஸ்', 'இன் ஸ்பைட் ஆஃப் த ஃபேக்ட் தட்' என்பதற்கு 'தோ' என்று மாற்றும் கொடுத்தார்.

அந்த மாற்றுகள் அருமையானவை. என் மாணவர்களின் கட்டுரைகளில் 'டியூ டு த ஃபேக்ட் தட்' வரும் இடமெல்லாம் 'பிகாஸ்' போட்டுப் பார்க்கச் சொல்கிறேன், வாக்கியம் உடனே மூச்சு விடுகிறது. ஆனால் எந்த வாக்கியத்திலும் கூடாது என்பதை நான் ஏற்கவில்லை. மேலே சொன்ன எழுவாய் இடத்தில் அதை எடுத்தால் வாக்கியம் நொண்டும்.

'இட் இஸ் எ ஃபேக்ட் தட்' என்று தொடங்கினால் என்ன தவறு?

இலக்கணப்படி தவறில்லை. ஆனால் அதைக் கேட்பவர் காதில், யாரோ மறுத்ததற்கு நீங்கள் பதில் சொல்வது போல விழும். மெரினா நீளமான கடற்கரை என்று சொல்ல அப்படித் தொடங்கினால், யார் இல்லை என்றது என்று தோன்றும்.

அந்தச் சொல்லுக்கு நீதிமன்ற வாசனை உண்டு. லத்தீனில் 'ஃபாக்டும்' என்றால் 'செய்யப்பட்டது'. ஆங்கிலத்திலும் முதலில் 'செயல்' என்ற பொருளில்தான் இருந்தது. குற்றம் நடந்த பிறகு குற்றவாளிக்கு உதவியவரை 'அக்செசரி ஆஃப்டர் த ஃபேக்ட்' என்று சொல்வதில் அந்தப் பழைய பொருள் இன்னும் இருக்கிறது.

பாரிமுனையிலிருந்து வரும் டைப்பிஸ்ட் அக்கா ஒருவர், கருத்தும் ஃபேக்ட்தானா என்று கேட்டார். 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இதற்கு நல்ல விளக்கம் உண்டு. ஒருவர் ஒரு குறிப்பிட்ட கருத்தை வைத்திருக்கிறார் என்பது ஒரு ஃபேக்ட் என்கிறது அது. கருத்து சரியா தவறா என்பது வேறு, அவர் அப்படிக் கருதுகிறார் என்பது நடந்த ஒன்று. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம் வந்துவிட்டது, இந்த விளக்கம் அதிலும் இருக்கிறது. கட்டுரை எழுதுபவர்களுக்கும் இது உதவும். 'ஊரை அழகுபடுத்தும் வேலைகளைவிட மழைநீர் வடிகால் முக்கியம்' என்பது கருத்து. 'எங்கள் தெருக்காரர்கள் அப்படி நினைக்கிறார்கள்' என்பது தகவல்.

'இன் ஃபேக்ட்', 'ஆஸ் எ மேட்டர் ஆஃப் ஃபேக்ட்', 'ஆக்சுவலி' மூன்றும் ஒன்றுதானா?

நெருங்கிய சொந்தம், ஆனால் ஒன்றல்ல. 'இன் ஃபேக்ட்' இரண்டு வேலை செய்யும். முன்னால் சொன்னதை இன்னும் ஒரு படி ஏற்றும்: 'அந்த நூலகம் பழையது. இன் ஃபேக்ட், 1896-லேயே திறந்துவிட்டார்கள்' என்று கன்னிமாரா நூலகத்தைப் பற்றிச் சொல்லலாம். அல்லது முன்னால் சொன்னதைத் திருத்தும்: 'சின்ன வேலை என்று நினைத்தேன். இன் ஃபேக்ட், ஒரு வாரம் ஆனது.' இரண்டிலும் முன்னால் ஒரு வாக்கியம் இருந்தாக வேண்டும். பேச்சையே 'இன் ஃபேக்ட்' என்று தொடங்கினால் கேட்பவர் எதையோ தவறவிட்டதாக நினைப்பார்.

'ஆஸ் எ மேட்டர் ஆஃப் ஃபேக்ட்' இன்னும் கொஞ்சம் அழுத்தமானது. எதிரில் இருப்பவர் எதிர்பார்த்ததற்கு மாறாகப் பதில் வரும்போது பொருந்தும்.

'ஆக்சுவலி' பற்றித்தான் கவலை. நம் ஊரில் 'ஆக்சுவலா' என்பது தொண்டையைச் செருமிக்கொள்வது போல ஆகிவிட்டது, பொருளே இல்லை. ஆங்கிலத்தில் அதற்குப் பொருள் உண்டு: 'நீங்கள் நினைப்பது போல இல்லை.' என்னிடம் படித்த ஒரு பெண் கால் சென்டரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பார்சல் திங்கட்கிழமை வருமா என்று கேட்ட வாடிக்கையாளரிடம் 'ஆக்சுவலி, இட் வில் அரைவ் ஆன் மண்டே' என்றாள். அவர் உடனே பதறி, ஏன் என்ன மாறியது என்று கேட்கத் தொடங்கிவிட்டார். எதுவும் மாறவில்லை. ஆமாம் என்ற ஒரு சொல் போதுமாக இருந்த இடத்தில் பத்து நிமிடம் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. அன்று இரவு அழுதுகொண்டே எனக்கு போன் செய்தாள். அவளுக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். அந்த ஒரு சொல்லைத் தமிழ்போல் பயன்படுத்திவிட்டாள், அவ்வளவுதான்.

'அக்கார்டிங் டு மீ' சரியா?

தவறு. தமிழில் 'என்னைப் பொறுத்தவரை' என்பதை அப்படியே மாற்றுகிறோம். 'அக்கார்டிங் டு' என்பது தகவல் வேறொருவரிடமிருந்து வந்தது என்று சொல்லும் சொல். வானிலை ஆய்வு மையத்தின்படி, டாக்டர் சொன்னபடி, நேற்றைய செய்தித்தாளின்படி. உங்கள் கருத்தென்றால் 'இன் மை ஒப்பீனியன்' அல்லது வெறுமனே 'ஐ திங்க்'. இரண்டையும் சேர்த்து 'அக்கார்டிங் டு மை ஒப்பீனியன்' என்றும் வேண்டாம்.

'ஆஸ் பெர்'?

ஒப்பந்தம், விதி, உத்தரவு ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மனிதர்கள் சொன்னதற்கு 'அக்கார்டிங் டு'.

எனக்கே உறுதியில்லாத தகவலை எப்படிச் சொல்வது?

நம் 'ஆம்' ஒட்டுக்கு ஆங்கிலத்தில் நேரான சொல் இல்லை. அதனால் 'இட் இஸ் செட் தட்', 'இட் இஸ் பிலீவ்ட் தட்', 'ரிப்போர்ட்டட்லி' என்று பல வழிகள்.

ஒரு சென்னைக் கதை வைத்துப் பார்ப்போம். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசியது, எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. இது பதிவான வரலாறு. மொட்டையாக எழுதலாம், எந்த முன்னொட்டும் வேண்டாம். அந்தக் கப்பலில் விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்ற பேச்சும் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. அதை எழுதும்போது 'இட் இஸ் செட் தட்' என்று தொடங்குங்கள். ஒரே பத்தியில் இரண்டு வாக்கியங்கள், ஒன்றில் முன்னொட்டு இல்லை, இன்னொன்றில் இருக்கிறது. எதை எவ்வளவு நம்பலாம் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். இரண்டுக்கும் ஒரே தொடக்கம் போட்டால் இரண்டுமே கதையாகிவிடும், அல்லது இரண்டுமே வரலாறாகிவிடும்.

'அலெஜட்லி' என்பதை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அது குற்றச்சாட்டுக்கு. இன்னும் நிரூபிக்கப்படாத ஒன்றை ஒருவர் செய்ததாகச் சொல்லப்படும்போது மட்டும் வரும். ஒரு ஹோட்டலில் அலெஜட்லி நல்ல சாம்பார் என்று எழுத முடியாது.

'ஆஸ் வீ ஆல் நோ' என்று தொடங்கலாமா?

கட்டுரையில் வேண்டாம் என்பது என் கருத்து. எல்லோருக்கும் தெரிந்தால் ஏன் சொல்கிறீர்கள்? ஒருவருக்குத் தெரியாவிட்டால் அவர் வெட்கப்படுவார். வகுப்பில் நான் அதைச் சொன்னபோது பின்வரிசையில் தலை குனிந்ததைப் பார்த்திருக்கிறேன், அதிலிருந்து நானும் விட்டுவிட்டேன். 'ஆப்வியஸ்லி', 'நீட்லெஸ் டு சே' இரண்டுக்கும் இதே பதில்.

ஐஇஎல்டிஎஸ் வரைபடக் கேள்வியில் தகவலை எப்படித் தொடங்குவது?

அகாடமிக் தேர்வின் முதல் பணியில் குறைந்தது 150 சொற்கள், சுமார் 20 நிமிடம். நேரம் குறைவு என்பதால் பிள்ளைகள் 'இட் கேன் பி க்ளியர்லி சீன் ஃப்ரம் த கிவன் கிராஃப் தட்' என்று மனப்பாடம் செய்துவைத்து ஒவ்வொரு வரியிலும் போடுகிறார்கள். அத்தனை சொற்களில் ஒரு தகவலும் இல்லை. ஒருமுறை 'த சார்ட் ஷோஸ்' என்று தொடங்குங்கள், அது என்ன வரைபடம் என்று உங்கள் சொற்களில் எழுதுங்கள். அதன் பிறகு எண்களே எழுவாயாக வரட்டும்: விற்பனை உயர்ந்தது, பங்கு பாதியானது. வரைபடத்தில் இல்லாத காரணத்தைச் சொல்லாதீர்கள். இரண்டாம் பணியில், 250 சொல் கட்டுரையில், காரணத்துக்கும் கருத்துக்கும் இடம் உண்டு.

'சே', 'க்ளெய்ம்', 'பாயின்ட் அவுட்', 'அட்மிட்' எல்லாம் 'சொன்னார்' தானே?

தமிழில் ஒரே 'சொன்னார்' போட்டு ஒப்பேற்றிவிடலாம், ஆங்கிலத்தில் ஒவ்வொன்றும் உங்கள் தீர்ப்பைச் சேர்த்துச் சொல்லும். 'சே' நடுநிலை. 'பாயின்ட் அவுட்' போட்டால் அவர் சொன்னது உண்மை என்று நீங்களும் ஒப்புக்கொண்டீர்கள், 'சுட்டிக்காட்டினார்' போல. 'க்ளெய்ம்' போட்டால் எனக்கு அதில் சந்தேகம் என்று பொருள். 'அட்மிட்' போட்டால் அவர் மறைக்க விரும்பியதை ஒத்துக்கொண்டார் என்று பொருள். ஒரு செவிலியர் மாணவி பயிற்சிக் கடிதத்தில் 'த பேஷன்ட் க்ளெய்ம்ஸ் தட் ஷீ ஹாஸ் பெய்ன்' என்று எழுதினார். வலி என்று நோயாளி நடிப்பதாகப் படிக்கும் மருத்துவர் எடுத்துக்கொள்ளலாம். அங்கே 'சேஸ்' அல்லது 'ரிப்போர்ட்ஸ்' போடுவதுதான் நோயாளிக்கு நியாயம். சந்தேகமாக இருந்தால் 'சே' போடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

'திஸ் இஸ் டு பிரிங் டு யுவர் கைண்ட் நோட்டீஸ் தட்' என்று மனு எழுதலாமா?

எழுதலாம், நம் அலுவலகங்களில் அது பழகிய நடை. 'தங்கள் மேலான கவனத்திற்கு' என்பதன் உடன்பிறப்பு. மாநகராட்சிக்குத் தெருவிளக்கு பற்றி எழுதும்போது அது மரியாதையாகப் போய்ச் சேரும். வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதும்போது மட்டும் முதல் வரியிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அங்கே அந்த வரியே மரியாதை.

'ட்ரூ ஃபேக்ட்' என்கிறார்களே?

'ஃபேக்ட்' என்றாலே உண்மை. 'ட்ரூ' வேண்டாம்.

நேற்று சொன்ன தகவலை எழுதும்போது காலம் மாற வேண்டுமா?

பள்ளியில் 'செட்' என்று வந்தால் பின்னால் எல்லாமே இறந்தகாலம் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எப்போதும் உண்மையாக இருப்பதை நிகழ்காலத்திலேயே விடலாம். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று ஆசிரியர் சொன்னார் என்பதில், சொன்னது முடிந்தது, சுற்றுவது முடியவில்லை.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும்போது இவற்றை என்ன செய்வது?

முன்னால் இருப்பதைப் பின்னால் கொண்டுபோங்கள். 'த ஃபேக்ட் இஸ் தட்' வந்த இடத்திலெல்லாம் 'உண்மை என்னவென்றால்' என்று எழுதுவதை நிறையப் பார்க்கிறேன், படிக்கக் கஷ்டமாக இருக்கிறது. 'த ஃபேக்ட் இஸ், ஹீ நெவர் ரீட் த லெட்டர்' என்பதற்கு 'அவர் அந்தக் கடிதத்தைப் படிக்கவே இல்லை' போதும். அந்த 'ஏ'யில் 'த ஃபேக்ட் இஸ்' முழுவதும் வந்துவிட்டது. 'ரிப்போர்ட்டட்லி, த ட்ரெயின் இஸ் லேட்' என்றால் 'ரயில் தாமதமாம்.' 'இன் ஃபேக்ட், ஷீ ஓன்ஸ் த ஷாப்' என்றால் 'கடையே அவங்களுதுதான்.'